கண்ணில் வருத்தம்

என் மூத்த மகளுக்கு இடது கண் தெரியாது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்று விரட்டிவிட்டார்கள், அதில்தான் கண் போனது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் சொல்வாள். அப்படிச் சொல்லக் கற்றுக்கொடுத்தவள் நான். நடந்தது வேறு. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுதினால் வருமோ என்று பார்க்கிறேன்.

நான் பிறந்தது கடலுக்கு அந்தப் பக்கம், மன்னாரில். என் வீட்டுக்காரர் தூத்துக்குடித் தோணி ஒன்றில் தண்டல், தோணியை நடத்துகிறவர். கூரை ஓடும் வெங்காயமும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வருவார். ஒரு தடவை காற்று சரியில்லாமல் மன்னாரில் ஒதுங்கினபோது என் தகப்பனாருக்குப் பழக்கமாகி, அடுத்த வருஷமே எனக்கு மாப்பிள்ளையும் ஆனார். பதினெட்டு வயதில் திரேஸ்புரத்துக்கு வந்தேன். அப்போது அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் ஒரே வெள்ளைக்காரன்தான் ராஜா. யாரும் எதுவும் கேட்கவில்லை. சுதந்திரம் வந்த பிறகு அது வேறு தேசம், இது வேறு தேசம் என்றார்கள். நான் அதே அடுப்பில்தான் சோறு பொங்கினேன். ஆனாலும் அயல்தேசத்துக்காரி ஆகிவிட்டேன்.

திரேஸ்புரத்துப் பெண்கள் எனக்கு வைத்த பேர் சிலோன்காரி. வெறுத்து வைத்த பேர் இல்லை. ஆனால் நான் வாயைத் திறந்தால் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு ஓம் என்போம். வந்த புதிதில் குழாயடியில் ஒருத்தி, “சோறு பொங்கியாச்சாளா?” என்று கேட்டாள். நான் “ஓம்” என்றேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “ஏளா, இங்கன வாங்களா! வேதக்காரப் பொம்பள ஓம்ங்கா! சாமியாருக்குத் தெரிஞ்சா இவளுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் குடுக்கணும்.” வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னால் இவரும் சிரித்தார். அதிலிருந்து நான் ஆமாம் என்பதற்குத் தலையை ஆட்டக் கற்றுக்கொண்டேன். இல்லை என்பதற்கும் தலைதான்.

மகளுக்கு மூன்று வயது நடக்கும்போது மணல்வாரி அம்மை போட்டது. சிவப்பெல்லாம் இறங்கி, பிள்ளை கஞ்சி குடிக்கத் தொடங்கின பிறகு இடது கண் சிவந்தது. வெளிச்சத்தில் திறக்க மாட்டாள். தண்ணீர்ப் பானைக்குப் பின்னால், இருட்டாக இருக்கிற மூலையில் போய்க் குத்தவைத்துக்கொண்டு, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். பக்கத்து வீட்டில் முலைப்பால் வாங்கி விட்டுப் பார்த்தேன். கேட்கவில்லை.

எங்கே கொண்டுபோவது என்று வாசலில் பேச்சு நடந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியை அப்போது தர்மாஸ்பத்திரி என்பார்கள். எதிர் வீட்டம்மாவுக்கு அந்தப் பேரே பிடிக்காது.

“தண்டல் பொண்டாட்டி தர்மாஸ்பத்திரி வரிசையில நிக்கவா? கடைத்தெருவுல மாடி டாக்டரு இருக்காரு. அவரு கை பட்டாப் போதும்.”

பக்கத்து வீட்டக்கா மீன்கூடை சுமந்து விற்கிறவள். அவள் விடவில்லை. “எம் புருசனுக்கு காலு புண்ணு நாறிக் கெடந்தப்ப மாடி டாக்டரா கட்டுப் போட்டாரு? சர்க்கார் மருந்து வெறுந் தண்ணின்னு சொல்லுதிய. அந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் அந்த மனுசன் எந்திரிச்சி இப்ப என்னையே ஏசுதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். இவர் முடிவாகச் சொன்னார். “கண்ணுக்குன்னு தனி டாக்டரு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை வியாழக்கிழமை வாராரு. ஊருல வேற கண் டாக்டரு கெடையாது. நாளைக்கு வியாழன். நீ போயிட்டு வா. எனக்கு தோணியில சரக்கு ஏறுது.”

“நானும் வாரேன்ளா, கூடைய எறக்கிட்டு வந்திருதேன்” என்றாள் அக்கா. நான் தலையை ஆட்டினேன். ஆனால் அவள் வருமுன்னே கிளம்பிவிட்டேன். அவள் போகிற இடமெல்லாம் சத்தமாகப் பேசுவாள். கூடப் போனால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள் என்று எனக்குக் கூச்சம்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெரிய வரிசை. மருந்து வாங்க ஆளுக்கொரு குப்பி கையில் வைத்திருந்தார்கள். சன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒருத்தர், மைக்கூட்டில் பேனாவைத் தொட்டுத் தொட்டுச் சீட்டு எழுதினார். நடுத்தர வயது. ஒவ்வொருவரிடமும் ஏதாவது வேடிக்கை பேசிக்கொண்டே எழுதினார். நோவோடு நிற்கிறவர்களும் அவரிடம் வந்தபோது கொஞ்சம் சிரித்தார்கள்.

என் முறை வந்தது. பிள்ளையின் பேர், வயது சொன்னேன். “ஊரு?” என்றார்.

“மன்னார்.”

“மன்னாரா, மன்னார்குடியா?”

“மன்னார். சிலோன்.”

“இப்ப எங்கன இருக்க?”

“திரேஸ்புரம்.”

“அப்ப திரேஸ்புரம்னு சொல்லு. மன்னாருக்கா மருந்து கொண்டுபோகப் போற? சரி, புள்ளைக்கு என்ன?”

“கண்ணில வருத்தம்.”

பேனா நின்றது. “கண்ணுல வருத்தமா? அதுக்கு யாரு என்ன சொன்னாவளாம்?”

எங்கள் பக்கத்தில் வருத்தம் என்றால் நோய். காய்ச்சல் வருத்தம், வயிற்று வருத்தம் என்போம். இங்கே அது மனக்கஷ்டம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வந்து நாலு வருஷமாயிற்று. அந்த இடத்தில் வேறு சொல் வாயில் வரவில்லை. எனக்குப் பின்னால் நின்ற கிழவர் ஒருத்தர் எட்டிப் பார்த்துச் சொன்னார். “எனக்குந்தான் அண்ணாச்சி வருத்தம். பொண்டாட்டி செத்து மூணு மாசமாச்சி. எனக்கும் ஒரு சீட்டு எழுதும்.”

“ஒமக்கு சீட்டு எழுதி என்னத்துக்கு? பொண்ணுல்லா பாக்கணும்!” என்றாள் இன்னொருத்தி.

தாழ்வாரம் முழுக்கச் சிரித்தது. சீட்டு எழுதுகிறவரும் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை அது. இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிள்ளை என் கழுத்தில் முகத்தை அழுத்திக்கொண்டாள். நான் திரும்பி நடந்தேன்.

“ஏ தாயி! நில்லு, சீட்ட வாங்கிட்டுப் போ! கண் டாக்டரு உள்ளதான் இருக்காரு!”

கேட்டது. நன்றாகக் கேட்டது. ஓட்டமாக நடந்தேன்.

இவர் கரையில் தோணிப் பாயைத் தைத்துக்கொண்டிருந்தார். “என்ன சொன்னாவ?” என்று கேட்டார். என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள் என்று சொன்னால் இவரும் சிரிப்பார். சிரித்துவிட்டு, வா என்று என்னைத் திரும்ப அதே சன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். அதை நினைத்தவுடன் வாயில் வந்தது இது:

“சிலோன்காரிக்கு இங்க மருந்து இல்லையாம்.”

அந்தச் சமயம்தான் இலங்கையில் நம் ஆட்களுக்குப் பிரஜை உரிமை இல்லை, ஓட்டு இல்லை என்று கரையெல்லாம் பேச்சாகக் கிடந்தது. தோணிக்காரர்கள் கூடினால் அதைத்தான் பேசுவார்கள். நான் சொன்னது வைக்கோலில் விழுந்த கங்கு போல ஆயிற்று.

“அங்கன நம்ம ஆளுவளுக்கு ஓட்டு இல்லங்கான். இங்கன எம் பொண்டாட்டிக்கு மருந்து இல்லங்கானா? எவன்ளா சொன்னான்? பேரு என்ன?”

“தெரியாது” என்றேன். அது ஒன்றுதான் உண்மை.

அவர் அப்போதே ஆஸ்பத்திரிக்குச் சண்டைக்குப் புறப்பட்டிருப்பார். சரக்கு ஏறி முடிந்திருந்தது, விடியலில் பாய் ஏற்ற வேண்டும். “வந்து பாத்துக்கிடுதேன் அவன” என்று சொல்லி, அன்று சாயங்காலமே எங்களை மாடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிவிட்டு மறுநாள் கடலுக்குப் போனார்.

மாடி டாக்டரின் அறையில் வரிசை இல்லை. ஒரு பெஞ்சு, ஒரு மேசை. யாரும் ஊர் கேட்கவில்லை. “உக்காருங்கம்மா” என்றார். என்னை அதுவரை யாரும் அம்மா என்று ‘ங்க’ போட்டுச் சொன்னதில்லை. சிரிக்க அங்கே ஆளும் இல்லை. சொன்னால் வெட்கம், பிள்ளையின் கண்ணுக்கு மருந்து கிடைத்ததைவிட அந்த மரியாதை எனக்கு இதமாக இருந்தது. கண்ணைக் கழுவ மருந்துத் தண்ணீரும், மஞ்சள் களிம்பும் கொடுத்தார். சுறா ஈரல் எண்ணெய் கொடுங்கள் என்றார். மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை, புதன்கிழமை, கண்ணிமையைப் பிரித்து வெகு நேரம் பார்த்தார்.

“அம்மா, தனியார் டாக்டர்னா எல்லாம் தெரியும்னு நெனைச்சு வாராங்க. எனக்குக் காய்ச்சலும் இருமலும் தெரியும். இது கருவிழியில புண்ணு. நாளைக்கு வியாழக்கிழமை. கட்டாயம் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருங்க. நான் லெட்டர் தாரேன். நாள் கடத்தினா கண்ணு போயிரும்.”

இவ்வளவு தெளிவாகச் சொன்னார். எனக்குத் தெரியாது, அவர் சொல்லவில்லை என்று நான் சொல்ல முடியாது. இங்கிலீஷில் எழுதிய கடுதாசியை வாங்கி, வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தேன்.

மறுநாள் வியாழன். பிள்ளையைக் குளிப்பாட்டி, கவுன் மாட்டி, தலை சீவிவிட்டேன். பிறகு வாசலில் உட்கார்ந்தேன். போனால் அதே சன்னல், அதே ஆள். ‘வருத்தம் ஆறிடுச்சா?’ என்று கேட்பார். மருந்தும் கொடுத்துவிடுவார்கள். கொடுத்தால் நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும். இதை நினைத்து நினைத்தே உச்சிவெயில் வந்துவிட்டது. பக்கத்து வீட்டக்கா காலிக்கூடையோடு வந்தாள்.

“டாக்டரு என்னளா சொன்னாரு?”

“ஆறிரும் என்றார்.”

“என்னத்த ஆறும்? எனக்கென்னமோ நல்லாத் தெரியல. தர்மாஸ்பத்திரிக்காரன் தரமாட்டேன்னா விட்டுருததா? எங்கூட வா, அவன் குடுமியப் புடிச்சிக் கேக்கேன்.”

“வேண்டாம் அக்கா. இவர் வரட்டும்.”

அவளுக்குப் படிப்பு இல்லை, மாதா படத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் அவளுக்குத் தெரியாது. நான் ஜெபமாலை சொன்னேன். இரண்டு வேளையும் களிம்பு போட்டேன். அடுத்த வியாழனும் வந்தது. அதுவும் போனது. அந்த வாரத்தில் ஒருநாள் காலையில் கண்ணிமையைப் பிரித்தபோது கருவிழியின் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி, ஒரு உப்புப்பரல் அளவுக்கு. துடைத்துப் பார்த்தேன். பிள்ளை அலறினாள்.

இவர் திரும்பி வந்து பிள்ளையைத் தூக்கினார். அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். நான் கடுதாசியை எடுத்துக் கொடுத்தேன். “சர்க்கார் ஆஸ்பத்திரிக்கே போகச் சொல்லி மாடி டாக்டர் தந்தார்” என்றேன்.

“எப்ப?”

“முந்தாநாள்.”

அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.

வியாழக்கிழமை அவர், நான், பிள்ளை, பக்கத்து வீட்டக்கா நாலு பேரும் போனோம். இவர் வரிசையில் நிற்கவில்லை. நேரே சன்னலுக்குப் போனார்.

“சிலோன்ல பொறந்தவளுக்கு மருந்து கெடையாதுன்னு சொன்ன மகராசன் யாருவே?”

சீட்டு எழுதுகிறவர் நிமிர்ந்தார். “யாரு சொன்னா? கப்பல்ல வந்த சீனாக்காரனுக்கே இங்கன கட்டுப் போட்டு அனுப்பியிருக்கோம். ஊரு கேக்கது புஸ்தகத்துல எழுததுக்கு. மருந்துக்கு ஊரு ஏதுய்யா?”

அப்புறம் என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “இந்தப் புள்ளையா! கண்ணுல வருத்தம்னு சொன்ன புள்ளல்லா! ஏ தாயி, அன்னைக்குக் கூப்புடக் கூப்புட ஓடிப்போயிட்டியே. சீட்டுகூட எழுதி வச்சிருந்தேன். புள்ளைக்கு எப்படி இருக்கு?”

இவர் என் பக்கம் திரும்பினார். தாழ்வாரம் முழுக்கத் திரும்பியது.

“ஏளா, இவருதான் சொன்னாரா? மருந்து இல்லன்னு?”

அந்த ஆள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பயமே இல்லாமல் பார்த்தார். நான் இல்லை என்று சொல்வேன் என்றுதான் நினைத்திருப்பார்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

இவர் சன்னலுக்குள் கையை விட்டு அவர் சட்டையைப் பிடித்தார். மைக்கூடு கவிழ்ந்து புஸ்தகமெல்லாம் நீலம். அக்கா ஏசின ஏச்சை எழுத முடியாது. உள்ளே இருந்து பெரிய டாக்டர் வந்தார். என்ன என்று விசாரித்தார். “இந்தம்மா சொல்றது நிஜமா?” என்று அந்த ஆளைக் கேட்டார். நான் ஒன்றும் சொல்லவே இல்லையே, தலையைத்தானே ஆட்டினேன் என்று அந்த நேரத்திலும் என் மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டது.

“வேடிக்கையா ஒரு வார்த்தை பேசினேன் சார். இல்லைன்னு சொல்லல” என்றார் அவர்.

“நோயாளிகிட்ட என்ன வேடிக்கை? மன்னிப்புக் கேளும்.”

அவர் வெளியே வந்தார். கை முழுக்க மை. என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். எல்லோரும் பார்க்க என் முன்னால் நின்று, “மன்னிச்சிரு தாயி” என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கப்படுகிற பெண் என்று எல்லோரும் இரங்கினார்கள்.

கண் டாக்டர் கடுதாசியைப் பிரித்தார். தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இத்தனை நாள் எங்கம்மா இருந்தீங்க?” என்றார். நான் பேசுமுன் இவர், “இங்கன மருந்து இல்லன்னுட்டாவ சார், நான் கடல்ல இருந்தேன்” என்றார். டாக்டர் கடுதாசியை மடித்து வைத்தார். “பூ விழுந்திருச்சு. இந்தக் கண்ணுல இனிமே பார்வை வராது. மத்தக் கண்ணையாவது காப்பாத்துவோம்” என்றார்.

நாற்பது நாள் போல நடந்தோம். மருந்து, கட்டு, பால் எல்லாம் சும்மாதான் கொடுத்தார்கள். வலது கண்ணைக் காப்பாற்றியது அந்தத் தர்மாஸ்பத்திரிதான். ஒவ்வொரு தடவையும் அதே சன்னலில் சீட்டு வாங்க வேண்டும். அவர் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார். எழுதி, கையை நீட்டிப் பிள்ளையின் கையில் கொடுப்பார். என்னிடம் மட்டுமில்லை, பின்னால் நின்றவர்களிடமும் அவர் வேடிக்கை பேசுவதை விட்டுவிட்டார். பேர், வயது, ஊர், நோவு. அவ்வளவுதான். தாழ்வாரத்தில் சிரிப்புச் சத்தமே இல்லை. அதை நான் செய்தேன் என்று எனக்கு மட்டும் தெரியும். ஒருநாள் யாருமில்லாத நேரம் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். யாருமில்லாமல்தான் இருந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இவர் அந்தக் கதையைக் கரையெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. அந்த ஆள் சீட்டைக் கிழித்துப் போட்டதாக, பிள்ளையைத் தள்ளிவிட்டதாகக்கூட ஆயிற்று. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரர் எனக்காகக் கோபப்படுகிறார் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இதை எழுதத்தான் கை கூசுகிறது. அவர் அதையே நம்பிச் செத்தும்போனார். பிறகு யாராவது மகளின் கண்ணைப் பற்றிக் கேட்டால் நானே சொல்லத் தொடங்கினேன். சிலோன்காரி என்று விரட்டினார்கள், பயந்து ஒதுங்கிவிட்டேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். பயம் எனக்குப் பெரிதாக இருந்ததில்லை. நாலு பேர் சிரித்தார்கள், அது பொறுக்கவில்லை. அதற்குப் பிள்ளையின் கண்ணைக் கொடுத்தேன்.

இப்போது மகளுக்கு அறுபது தாண்டிவிட்டது. இருக்கிற வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. பேரன் விசாரித்து வந்து, சர்க்கார் ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், அங்கேயே ஆபரேஷன் செய்யலாம் என்கிறான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

“ஒத்தக் கண்ணக் கெடுத்தது போதாதா? இதையும் அவங்க கையில குடுக்கவா? குருடா இருந்தாலும் இருப்பேன்.”

மூன்று மாதமாக இதே பேச்சு. அரிசியில் கல் தெரியாமல் என்னைக் கூப்பிடுகிறாள். எனக்கே கை நடுங்குகிறது.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வரிசை, கிழவர், மாதா படத்துக்குப் பின்னால் வைத்த கடுதாசி, தலையை ஆட்டினது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. நான் முடித்த பிறகும் இரண்டு வெங்காயம் உரித்தாள்.

“அப்ப அந்த மனுசன் ஒண்ணுமே சொல்லலியா?”

“நில்லு தாயி என்றுதான் சொன்னார்.”

“அவரு பேரு என்னம்மா?”

“தெரியாது. கேட்கவில்லை.”

மறுநாள் காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். நானும் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். “நான் வரட்டா?” என்றேன்.

“வேண்டாம். நீ இரு” என்று சொல்லிவிட்டு, படியைக் காலால் தடவித் தடவி இறங்கினாள்.